லோஷினி வைத்த பெயர்

மாசாய்,
7 ஜனவரி 2024

லோஷினி அப்பாவுக்கு,

நாங்கள் நலம், நீங்கள் நலமா என்று தொடங்குவதுதானே முறை. தொடங்கிவிட்டேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சிரியுங்கள். இனிமேல் வீடியோவில் பேச வேண்டாம், எழுதிக்கொள்வோம். காரணம் உங்கள் மகள். போன ஞாயிற்றுக்கிழமை நாம் சண்டை போட்டோமே, அப்போது அவள் சோபாவில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வரையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போனை வைத்ததும் எழுந்து வந்து, என் புருவத்துக்கு நடுவே விரலை வைத்துத் தேய்த்துவிட்டாள், துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி. காது கேட்கிற பிள்ளையாக இருந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடலாம். இவளுக்கு முன்னால் முகத்தை எங்கே கொண்டுபோய்ச் சாத்துவது? ஆகவே மதிய இடைவேளையில், எண்ணெய் ஆலை லேபில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு, நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மிச்சமிருக்கும் ஒரு கையால் அவளிடம் எப்படிச் சைகையில் பேசுவது? நீங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெரிய ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, "லோஷி, இங்க பாரு, அப்பா சொல்லு, அப்பா!" என்று கத்துவீர்கள். அவள் கையால் ஏதோ கேட்பாள். "என்னா சொல்றா?" என்று நீங்கள் என்னிடம் கேட்பீர்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து போயிருப்பாள்.

பள்ளியில் புது ஆசிரியை வந்திருக்கிறார், ஃபரிடா டீச்சர். அவருக்கும் காது கேட்காது. அவர் வந்ததிலிருந்து நம் வீட்டில் தினமும் பெயர் சூட்டு விழாதான். சைகை மொழியில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பெயர் உண்டாம். அதைக் காது கேளாதவர்கள்தாம் வைக்க வேண்டும். நமக்கு நாமே வைத்துக்கொள்ளக் கூடாது. என் மோவாய் மச்சத்தைத் தொட்டுக் காட்டுவதுதான் என் பெயர். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்காவுக்கு மணிக்கட்டை ஆட்டுவது, அவருடைய வளையல்களுக்காக. ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்யும் புவான் ரொஹானாவுக்குக் கையைச் சட்டென்று தூக்குவது. சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று காதுக் கருவிக்கான அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து அவளைப் படுத்தியதற்குப் பழி வாங்கிவிட்டாள். தெருப் பூனைக்குக்கூடப் பெயர் இருக்கிறது.

உங்களுக்கு இன்னும் வைக்கவில்லை. அப்பா என்பதற்குச் சைகை உண்டு, ஆனால் அது ஊரிலுள்ள எல்லா அப்பாக்களுக்கும் பொது. உங்களைச் சொல்ல வேண்டுமானால் மேசைமேல் இருக்கும் என் போனைக் காட்டுகிறாள்.

இன்னொன்று, அவளுக்குத் தோடு வேண்டுமாம். ஒன்பது வயதுப் பெண் மூளிக்காதோடு திரிகிறாள். கருவி சரியாக வேலை செய்யும்வரை காதைத் தொடாதே என்று நீங்கள் போட்ட உத்தரவு. புவான் ரொஹானாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அலமாக், தோடு கீழ, மெஷின் மேல. யாரு வேணாம்னு சொன்னாங்க?" என்ற அர்த்தத்தில் மலாயில் ஏதோ சொன்னார். யார் சொன்னது என்று நான் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜூலையோடு உங்கள் படிப்பு விடுப்பு முடிகிறது. வருகிறீர்களா, இல்லையா? எனக்குக் களைப்பாக இருக்கிறது. கோபம்கூட இல்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

சாந்தினி


நாட்டிங்ஹாம்,
14 ஜனவரி 2024

என் சாந்திக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். திட்டுவதைக்கூட நீ அழகாகத்தான் எழுதுகிறாய். இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, குளிர் முதுகெலும்பு வரைக்கும் போகிறது. நீ வெயிலில் நின்று துணி காயப்போடுவதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே மறுபடியும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இதைத் தமிழில் யாரிடமாவது சொல்லி ரொம்ப நாளாகிறது. உள்காது என்பது பட்டாணி அளவு நத்தைக்கூடு. அதைப் பிரித்து நீட்டி வைத்தால் சுண்டுவிரல் நீளம்கூட வராது. வாசல் பக்கம் கீச்சென்ற சத்தங்களுக்கு, உள்ளே போகப் போகத் தடித்த சத்தங்களுக்கு. எந்தச் சத்தம் வந்தாலும் அதற்குரிய இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு ஆடும். அங்கே இருக்கும் மயிரிழைச் செல்கள் நரம்பைத் தட்டி எழுப்பும். இவ்வளவையும் நான் எண்களாக மாற்றிக் கணினிக்குள் அடுக்கியிருக்கிறேன். ஒரு முனையில் சத்தத்தைக் கொடுத்தால், மறுமுனையில் நரம்புக்கு என்ன போய்ச் சேர்கிறது என்று அது சொல்லும். இதற்குக் கணினிக் காது என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். இந்தப் பெயரை வைக்க மட்டும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

நம் பிள்ளைக்கு அந்த மயிரிழைச் செல்கள் இல்லை. அதனால்தான் உள்ளே கம்பி வைத்து, மின்துடிப்பால் நேராக நரம்பையே தட்டுகிறோம். எங்கே தட்டுவது, எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதை என் கணினிக் காது சொல்லிவிட்டால் போதும். அவளுக்கு நாய் குரைப்பது கேட்கிறது, ஹார்ன் கேட்கிறது. பேச்சில் சொல் பிரியவில்லை, அவ்வளவுதானே? அந்த ஒரு படி மட்டும்தான் பாக்கி. அதற்கான புதிய அளவுகளைப் புவான் ரொஹானாவுக்கு அனுப்பியிருக்கிறேன், கருவியில் ஏற்றச் சொல்.

நம் வீட்டுச் சத்தங்களையும் பதிவு செய்து அனுப்பு. இங்கே இருப்பதெல்லாம் ஆங்கிலேயர்கள் வாசிக்கும் வாக்கியங்கள். அவள் காதில் விழுவது அதுவல்லவே.

தோடு விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம். நல்லபடியாகக் கேட்க ஆரம்பித்ததும் அதே சந்தோஷத்தில் செய்யலாம். பேராசிரியர் ஹெலன் இன்னும் இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்க்கக் கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பெயர் சூட்டிய அன்று அவள் வலது காதில் மூன்று தடவை லோஷினி, லோஷினி, லோஷினி என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? அவள் சிரித்தாள். நீயும் பார்த்தாய். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் இங்கே நாளை ஓட்டுகிறேன்.

உன் மதி


மாசாய்,
4 பிப்ரவரி 2024

லோஷினி அப்பாவுக்கு,

கேட்ட சத்தங்களையெல்லாம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். மிக்சி, குக்கர் விசில், கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரையில் மழை, விடியற்காலையில் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள், தனலெட்சுமி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "சாந்தினி, துணி நனையுதுலா, வந்து எடு!" என்று கத்துவது. கடைசியில் நான் லோஷினியைக் கூப்பிடுவதும் இருக்கிறது. அதை அவள் வீட்டில் இல்லாதபோது பதிவு செய்தேன். அவள் இருக்கும்போது நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. தோளைத் தொடுவேன், இல்லாவிட்டால் விளக்கை அணைத்துப் போடுவேன். ரொம்ப நாள் கழித்துக் கூப்பிட்டதால் என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது.

உங்கள் அளவுகளை ஏற்றியாயிற்று. புவான் ரொஹானா தன் வரம்புக்கு மேல் இருந்தவற்றைக் குறைத்துக்கொண்டுதான் ஏற்றினார். அதை உங்களிடம் சொல்லச் சொன்னார். லோஷினி கருவியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை இருந்தது. அவளை எதிரில் உட்காரவைத்து, உதடு தெரியாமல் கையால் வாயை மறைத்துக்கொண்டு, "பழம்", "படம்" என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்த்து யூகித்தாள். சரியாகக் காட்டினால் அம்மா சந்தோஷப்படுவாள் என்று அவளுக்குத் தெரியும், எது சரி என்றுதான் தெரியவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்து வாயிலிருந்து இழுத்தாள். நானும் விட்டுவிட்டேன்.

தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போனோம். உறுமி மேளக் கூட்டத்தைப் பார்த்ததும் கருவியைக் கழற்றி என் கைப்பையில் போட்டுவிட்டு ஓடினாள். மேளத்துக்குப் பக்கத்தில் போய் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அடிக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஓங்கி அடித்தார்கள். இங்கே கேட்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. உங்கள் கணினிக் காதில் வயிற்றுக்கு இடம் உண்டா?

பெயர் சூட்டிய அன்று சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். மூச்சுக்காற்று கூசியிருக்கும், மதி. இதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அதன்மேல் பெயர் சூட்டு விழாவைப் போட்டு மூடிவிட்டீர்கள். உங்கள் அம்மா அடிக்கடி சொல்வாரே, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று. லோஷினி பிறந்த பிறகு அந்தப் பழமொழியை நம் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. இப்போது எனக்கு அது அடிக்கடி வாய்வரைக்கும் வருகிறது, உங்களை நினைத்துத்தான்.

சாந்தினி


நாட்டிங்ஹாம்,
3 மார்ச் 2024

என் சாந்திக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

சத்தங்களை முதலில் கணினிக்குக் கொடுக்காமல் அப்படியே கேட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியதும் நம் வீட்டுக் கூரைக்குக் கீழே நின்றேன். கண்ணைத் திறந்தபோது ஹெலன் எதிரில் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்கிறார் என்று தெரியவில்லை. மழை என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், வெளியே மழை இல்லை.

பிறகு எல்லாவற்றையும் கணினியில் இருக்கும் லோஷினியின் காதுக்குள் அனுப்பினேன். நரம்புக்குப் போய்ச் சேருவதை மறுபடியும் சத்தமாக மாற்றிக் கேட்க வழி இருக்கிறது. மிக்சியும் மழையும் ஒன்றாகவே வந்தன. மோட்டார் சைக்கிள்கள் தெரிந்தன. தனலெட்சுமி அக்கா, தகரத்தில் மணலைக் கொட்டுவதுபோல வந்தார். நீ கூப்பிட்டதில் பெரும்பகுதி இரைச்சலோடு போய்விட்டது, ஆனால் 'லோ' என்ற இடம் மட்டும் கொஞ்சம் எழும்பி நிற்கிறது. சாந்தி, என் கணக்குப்படி அந்த 'லோ' அவளுக்குக் கேட்க வேண்டும். கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம்.

ஆகவே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கொஞ்ச நாளைக்குக் கைப்பேச்சைக் குறைத்துக்கொள். விளக்கை அணைத்துப் போடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. கை இருக்கிறது என்றால் காது சோம்பேறியாகிவிடும். தலைவலி பழகப் பழகச் சரியாகும் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இன்னொரு தடவை அளவுகளை மாற்றி அனுப்பியிருக்கிறேன். இதுதான் கடைசி என்று வைத்துக்கொள்.

இரண்டு வருட விஷயத்தில் ஹெலன் மே மாதம்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் அதுவரை யோசிக்கிறேன். என் பெயர் என்ன ஆயிற்று? வைத்தாளா?

உன் மதி


மாசாய்,
14 ஏப்ரல் 2024

மதிவாணன் அவர்களுக்கு,

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். வாசலில் மாவிலை கட்டி, பொங்கல் வைத்து, எல்லாம் முறைப்படி செய்தேன். அந்தப் பொங்கலில்தான் விஷயமே இருக்கிறது.

கைப்பேச்சைக் குறைக்கச் சொன்னீர்கள். குறைத்தேன். நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதற்காக அல்ல. ஒருவேளை நீங்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ற பயத்தில். அவள் கேட்பதற்கெல்லாம் வாயால் பதில் சொன்னேன். கை தானாக எழும்பும், பிடித்து மடியில் வைத்துக்கொள்வேன். முதலில் அவள் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தாள். அப்புறம் அவளும் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே பேச்சில்லாமல் சாப்பிட்டோம். பிறந்ததிலிருந்து அவள் ஊமையாக இருந்தது அந்த நாட்களில்தான்.

அதற்குப் பிறகு கருவியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன், பள்ளிப் பேருந்தில் தேடினேன். தனலெட்சுமி அக்கா சாக்கடை மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டார். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தேன். இன்று காலை பொங்கலுக்காக அரிசித் தொட்டிக்குள் அரிசி அளக்கும் பால் டின்னை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசிக்கு நடுவே குழி பறித்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஒரு தடவை என் போன் தண்ணீரில் விழுந்தபோது அரிசிக்குள் போட்டு வைத்தேன். அதைப் பார்த்திருக்கிறாள்.

ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டேன். கையால்தான் கேட்டேன். "அது ரொம்ப களைச்சுப் போச்சு, தூங்கட்டும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவுந்தான் களைச்சுப் போயிட்ட. ஆனா நீ தொட்டிக்குள்ள அடங்கமாட்ட" என்றாள். நான் சிரித்தேன், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இனி இப்படித்தான். சாலையைக் கடக்கும்போதோ, சைக்கிள் விடும்போதோ, அவளுக்கு வேண்டுமென்றால் கருவியைப் போட்டுக்கொள்ளட்டும். வேண்டாமென்றால் அது தூங்கட்டும். புதிய அளவுகள் எதையும் அனுப்ப வேண்டாம். புவான் ரொஹானாவிடமும் போனில் சொல்லிவிட்டேன், அவர் மறுக்கவில்லை. என் கைகளை நான் இனிக் கட்டிப்போட மாட்டேன்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். மகளின் காதைத் தேடி இங்கிலாந்து போனீர்கள், மகள் மாசாயில் இருக்கிறாள்.

வைகாசி கடைசி ஞாயிறு, ஜூன் ஒன்பதாம் தேதி, கோயிலில் காது குத்து. யோங் பெங்கிலிருந்து கனகராஜ் அண்ணன் வருகிறார், அவர் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். நீங்கள் வருவதானால் வாருங்கள். ஆனால் அளவுகளோடு வராதீர்கள். கைகளோடு வர முடியாது என்றால், ஹெலன் கேட்ட இரண்டு வருடத்துக்குச் சம்மதம் சொல்லிவிடுங்கள். நான் தடுக்கமாட்டேன், இனி எழுதவும் மாட்டேன்.

சாந்தினி

பின்குறிப்பு: பெயர் வைத்தாளா என்று கேட்டிருந்தீர்கள். நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.


நாட்டிங்ஹாம்,
5 மே 2024

சாந்தி,

இதை எத்தனையோ தடவை தொடங்கி அழித்தேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் லூசி என்று ஒரு புதிய மாணவி சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. கணினிக் காதைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஹெலன் அவளிடம் சில காதுகளைக் கொடுத்தார். காதுகளுக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. அவற்றில் ஒன்று லோஷினியுடையது. லூசிக்கு அது தெரியாது.

கருவி ஒரு மின்துடிப்பை அனுப்பினால் நரம்பு பதில் தரும். அந்தப் பதிலையும் கருவியே பதிந்துவைக்கும். லோஷினியின் பதில்கள் புவான் ரொஹானா எனக்கு அனுப்பியவை. கணினிக் காது போடும் கோடும் அந்தப் பதில்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். மூன்று வருடமாக அவளுடையது மட்டும் பொருந்தவில்லை. கம்பி இருக்கும் இடத்தை மாற்றிப் பார்த்தேன், மின்சாரம் பரவும் விதத்தை மாற்றிப் பார்த்தேன், அளவுகளை மாற்றி மாற்றி அங்கே அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை லூசி என்னைக் கூப்பிட்டு, "இந்தக் காதில் நரம்பிழைகளின் எண்ணிக்கையை ஏன் இவ்வளவு அதிகமாக வைத்திருக்கிறீர்கள்? தவறாகத் தட்டிவிட்டீர்களா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அதைக் குறைத்தாள். ஒரு கைப்பிடி இழைகள்தான் மிச்சம் என்று வைத்ததும் கோடு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

ஆமாம், தவறாகத் தட்டிவிட்டேன் என்றேன். மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர், "நரம்பு மெலிசா இருக்கு, பார்க்கலாம்" என்றாரே. அதில் 'பார்க்கலாம்' என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். எல்லா எண்களிலும் கை வைத்தேன், அந்த ஓர் எண்ணில் மட்டும் வைக்கவில்லை. மற்ற காதாக இருந்தால் முதல் நாளே அதைத்தான் குறைத்திருப்பேன். இது என் பிள்ளையின் காது, சாந்தி. என் கையால் எப்படிக் குறைப்பேன்?

குறைத்த பிறகு உன் குரலை மறுபடியும் உள்ளே அனுப்பிப் பார்த்தேன். 'லோ' இல்லை. ஒன்றுமே இல்லை. அவள் காதில் நான் மூன்று தடவை சொன்னதும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதற்காக உன்னைக் கைகளைக் கட்டிக்கொண்டு சாப்பிடவைத்தேன்.

ஹெலனிடம் ஜூலையோடு கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். காது குத்துக்கு விடுப்பும் தந்துவிட்டார். ஆனால் டிக்கெட் எடுக்கக் கை வரவில்லை. அங்கே வந்து நான் என்ன செய்வேன்? அளவுகள் இருந்தவரை அவளுக்கு ஏதோ செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வெறும் ஆளாக வர வேண்டும். அவள் மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவளுக்கு என்னைச் சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. பெயர் இல்லாத ஆள் ஒருவன் வந்து விசேஷத்தில் நின்றால் அவள் யார் என்று கேட்க மாட்டாளா?

நீயே சொல், வரட்டுமா?

மதி


மாசாய்,
12 மே 2024

மதி,

உங்கள் கடிதத்தை லேபில் படித்தேன். எண்ணெய்ச் சீசாக்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டாக்டர் சொன்ன அன்று நானும் அந்தப் 'பார்க்கலாம்' என்பதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். உங்களை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். நீங்கள் அதை எண்ணாக எழுதி வைத்தீர்கள், நான் வாயை மறைத்துக்கொண்டு பழம், படம் என்று சொன்னேன். இரண்டும் ஒன்றுதான். நடுவில் அவள்தான் களைத்துப்போனாள்.

வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தெரியாது. நமக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்றும் தெரியாது. உட்கார்ந்து அதைப் பார்க்க இத்தனை நாள் எனக்கு நேரம் இருந்ததில்லை. விமான நிலையத்தில் ஓடி வந்து அழுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் காலையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வரச் சொல்வேன். சனிக்கிழமைகளில் ஃபரிடா டீச்சர் பெற்றோருக்குச் சைகை சொல்லித்தருகிறார், அங்கே அனுப்புவேன். அவ்வளவுதான் என்னால் இப்போது சொல்ல முடியும்.

காது குத்து காலை ஒன்பது மணிக்கு. அண்ணன் மடியில் உட்கார்ந்திருக்கும்போது எதிரில் ஒருவர் அவளுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வலிக்கும்போது அவள் எதிரில் இருக்கும் முகத்தைத்தான் கண்ணால் பிடித்துக்கொள்வாள். நான் பின்னால் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆகவே எதிரில் இருக்க முடியாது. தனலெட்சுமி அக்கா தான் உட்காருவதாகச் சொன்னார். பொறுங்கள் அக்கா என்றிருக்கிறேன்.

பெயரைக் கேட்டுவிட்டேன். நேற்று மாலை உங்கள் படத்தைக் காட்டி, அப்பா வந்தாலும் வரலாம் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து இரண்டு காதுகள்மேலும் வைத்துக்கொண்டாள். என்ன இது என்றேன். அப்பாவின் பெயர் என்றாள். நாம் வீடியோவை நிறுத்திய பிறகு வைத்தாளாம். முன்பு போனைக் காட்டினால் போதும். அதில் நீங்கள் வருவது நின்றதும், உங்களைப் பற்றி டீச்சரிடம் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. இத்தனை நாளும் பள்ளியில் உங்களை அந்தப் பெயரில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் ஹெட்போனைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அப்பாவுக்கும் காது கேக்காதுதானே?" என்று கேட்டாள். அவளுடையதைவிடப் பெரிய கருவி, அதுவும் இரண்டு காதிலும். அதைப் போட்டுக்கொண்டும் அவள் சொல்வது ஒன்றும் உங்களுக்குப் புரியவில்லை. கத்திக்கொண்டே இருக்கிறீர்கள், பிறகு உதவிக்கு என்னைப் பார்க்கிறீர்கள். அங்கே ஃபரிடா டீச்சர் மாதிரி யாரும் இல்லை, கைகளால் பேச உங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்தவள்போல எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பாவம் அப்பா" என்றாள்.

இல்லை, அப்பாவுக்கு நன்றாகவே கேட்கும் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். இறக்கிவிட்டேன், மதி. நன்றாகக் கேட்கிற அப்பா ஏன் பதில் சொல்லவில்லை என்று அடுத்துக் கேட்பாளே.

பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அரிசித் தொட்டியைத் திறந்து, தன் கருவிக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் அரிசியைத் தள்ளி ஒரு பெரிய குழி பறித்தாள். கையை விரித்து அளந்து பார்த்து இன்னும் கொஞ்சம் அகலமாக்கினாள். "அப்பாவையும் கழட்டச் சொல்லு. இங்க வெக்கலாம்" என்றாள்.

வாருங்கள். இன்று காலை நான் குழியைக் கலைக்காமல், ஓரத்திலிருந்துதான் அரிசி அள்ளினேன்.

சாந்தி